பன்னிரண்டடித் திரை

மைக்கில் சொல்லிவிட்டார்கள். அதுதான் குப்பண்ணனால் பொறுக்க முடியாமல் போனது.

நேருக்கு நேர் ஒருவன் ஏசினால் பதிலுக்கு ஏசலாம். ஏசத் தகுதியில்லாதவன் என்று திரும்பிப் பாராமலும் போகலாம். ஆனால் சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலை மைதானத்தில், மாரியம்மன் திருவிழாவுக்குக் கூடியிருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, "கொழிஞ்சாம்பாறைப் பண்ணையாரு படம் காட்டுதேன்னு வெத்தலைய வாங்கிட்டு வராமப் போயிட்டாரு. கவலப்படாதீக, நாம இருக்கோம்" என்று ஒலிபெருக்கியில் ஒருவன் சொன்னால் அதற்கு எங்கே போய்ப் பதில் சொல்வது? சொன்னவன் சுவக்கீன். மூணாறில் சொந்த ஜீப் வைத்துக்கொண்டு, திருவிழாக் காலத்தில் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் படம் காட்டுகிறவன். அவன் சொன்னது மலையிறங்கி, உடுமலைச் சந்தைக்கு வந்த மாட்டு வியாபாரிகள் வாய் வழியாகக் குப்பண்ணனின் களம் வரைக்கும் வந்து சேர்ந்தது.

குப்பண்ணன் குடும்பம் கூலிக்குப் படம் காட்டுகிற குடும்பம் அல்ல. கிழக்குப் பாலக்காட்டில், கொழிஞ்சாம்பாறையில், கடலையும் கரும்பும் விளைகிற பூமி அவர்களுடையது. தங்கள் கோயில் திருவிழாவுக்கு, அவர்கள் பேச்சில் நோம்பிக்கு, ஆசைப்பட்டு ஒரு பதினாறு எம்.எம். புரொஜெக்டர் வாங்கினார்கள். பிறகு பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து கேட்டார்கள். கேட்டவர்கள் தட்டில் வெற்றிலை வைத்துக் கேட்க வேண்டும். வீட்டுப் பெரியவர் எடுத்துக்கொண்டால் படம் உண்டு. எண்ணெய்ச் செலவும் வண்டிச் செலவும் தவிர வேறெதையும் அந்த வீடு வாங்கியதில்லை. வெற்றிலை எடுத்த பின் போகாமல் இருந்ததும் இல்லை, போன வருடம் வரைக்கும்.

போன வருடம் வெற்றிலை கொடுத்தவர் ராக்கப்பன். சூரியநெல்லிக்கு மேலே, ஜீப்பும் ஏறாத மேல் டிவிஷனில் கோயில் கமிட்டித் தலைவர். அந்த டிவிஷன் லயங்களில், வரிசை வீடுகளில், குடியிருந்தவர்கள் படம் பார்க்க வேண்டுமென்றால் தொழிற்சாலை மைதானத்துக்கு இறங்கி, முடிந்ததும் இருட்டில் அட்டைக்கடியோடு மலையேற வேண்டும். கிழவிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் படமே பார்த்ததில்லை. "எங்க இடத்துக்கே வந்து காட்டணும் அண்ணாச்சி. சுவக்கீன்கிட்ட கேட்டா, திரைய மேல தூக்க முடியாது, நீங்க கீழ வாங்கன்னுட்டான்" என்று ராக்கப்பன் கேட்டபோது குப்பண்ணன் யோசிக்காமல் வெற்றிலையை எடுத்தார். அந்த வாரம் அவருக்குக் காய்ச்சல். தம்பி காளிச்சாமி போனான்.

காளிச்சாமி கொண்டுபோனது இருபதடித் திரை. இரட்டைத் துணி, வெள்ளைப் பூச்சு, கான்வாஸ் ஓரம். திரையை மடிக்கக் கூடாது. மடித்தால் அந்தக் கோடு கதாநாயகி முகத்தில் விழும். மேல்கட்டையில் சுருட்டித்தான் தூக்க வேண்டும். ஆக, திரை எத்தனை அகலமோ கட்டை அத்தனை நீளம். ஒற்றையடிப் பாதையின் வளைவில் கட்டை திரும்பவில்லை. மழை பிடித்துக்கொண்டது. தூக்கியவர்கள் வழுக்கினார்கள். திரை உருண்டு ஓடைக்குள் போனது. மேலே ஜனம் காத்துக் கிடந்தது. மறுநாள் சுவக்கீன் கீழே படம் காட்டினான், மைக்கில் பேசினான்.

இந்த வருடம் திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே குப்பண்ணன் தாமே சூரியநெல்லிக்குப் போனார். அழைப்பு இல்லாமல் இன்னொருவர் ஊர் வாசலில் போய் நிற்பது அவர் வாழ்நாளில் அதுவே முதல் முறை. முதுகை வளைக்காமல்தான் நின்றார்.

"ராக்கப்பா, எங்கூட்டு வாக்கு பாதியில நிக்குது. இந்த நோம்பிக்கு உங்க மேல் மைதானத்துல படம் ஓடும்."

ராக்கப்பன் நெளிந்தார். "கமிட்டில ஒத்துக்க மாட்டாக அண்ணாச்சி. சுவக்கீன் கீழ காட்டுதேன்னு சொல்லியாச்சு. இந்தத் தடவையும் நீங்க வரலைன்னா, எங்களுக்கும் நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாகுத நெலமதான்."

"ஓடலீன்னா அதுக்கப்புறம் எங்கூட்ல எவனும் வெத்தல எடுக்க மாட்டான். மிஷின வித்துப்போடறேன். போதுமா?"

ராக்கப்பன் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "வாங்க, இடத்தப் பாப்போம்" என்றார்.

ஊருக்குத் திரும்பியபோது காளிச்சாமி அதற்குள் அளவு முடிவு பண்ணி வைத்திருந்தான். "அண்ணா, இருபதுக்குப் பதிலா இருபத்தி ரெண்டாப் போட்டுருவமுங்க. சுவக்கீனோடது பதினெட்டு. கட்டைய ரெண்டாப் பிரிச்சு நடுவுல இரும்பு மூட்டுப் போட்டா வளைவுல திரும்பிரும்."

"துணி?"

"துணியுந்தான் கனமாப் போடோணும். அவனுதவிடச் சிறுசாக் கட்டுனா ஊடு சிறுத்துப் போச்சும்பானுக."

குப்பண்ணனுக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் எதையும் சிறிதாகச் செய்து பழக்கமில்லை. பந்தல் போட்டால் தெருவடைத்துப் போடுவார்கள். சீர் கொண்டுபோனால் வண்டி வண்டியாகப் போகும். திரையும் அப்படித்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆனால் அந்த மலைப்பாதையை இப்போது அவர் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

மறு வாரமே காளிச்சாமியை இழுத்துக்கொண்டு மறுபடி மலையேறினார். ஜீப் நிற்கிற இடத்தில் இருபதடியில் ஒரு மூங்கிலை வெட்டச் சொன்னார். "முன்னால நீ பிடி. பின்னால நான் பிடிக்கறேன். நட."

"நீங்க எதுக்குங்ண்ணா தூக்கோணும்?"

"நடடா."

முதல் வளைவில் மூங்கில் மண்மேட்டில் இடித்தது. குப்பண்ணன் அரிவாளை எடுத்து ஒரு துண்டு நறுக்கினார். மறுபடி நடந்தார்கள். அடுத்த வளைவில் தேயிலைச் செடிக்குள் போய்ச் செருகிக்கொண்டது. மறுபடி ஒரு துண்டு. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நிமிர்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் மூத்தவள் அழகுத்தாய், பறிக்கிறவர்களுக்கெல்லாம் அவள்தான் வாய். "ஏ அண்ணாச்சி! பல்லுக்குச்சிக்கா இவ்வளவு பாடு? இன்னும் நாலு வளைவு இருக்கு, கையில ஒண்ணும் மிஞ்சாது!" என்று கத்தினாள். தோட்டமே சிரித்தது.

காளிச்சாமிக்குக் காது சிவந்தது. குப்பண்ணனுக்கும் சிவந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. கடைசி வளைவையும் தாண்டி மைதானத்துக்குள் வந்தபோது மூங்கிலைத் தரையில் போட்டு அளந்தார். பன்னிரண்டடி.

"இதுக்கு மேல இந்த மலை விடாது" என்றார்.

"பன்னெண்டா? நம்ம ஊட்டு மாட்டுக் கொட்டாய்ப் படலே அதவிடப் பெருசுங்ண்ணா. ஓரத்துல இருக்கறவனுக்கு ஈ மாதரித் தெரியும்."

அது நியாயமான கேள்வி. தூக்க முடிந்தால் போதாது, கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். குப்பண்ணன் பைக்குள்ளிருந்து மாற்று வேட்டியை எடுத்தார். எட்டு முழம், அதுவும் பன்னிரண்டடிதான். இரண்டு கம்பு நட்டு அதை விரித்துக் கட்டச் செய்தார். கொழுந்து நிறுக்கும் கொட்டகை காற்றை மறைத்ததால் மைதானத்தின் நடுவில்தான் துணி படபடக்காமல் நின்றது. ராக்கப்பனை வேட்டிக்கு முன்னால் நிறுத்திவிட்டுத் தாம் மைதானத்தின் கடைக்கோடிக்கு நடந்தார்.

"மூஞ்சியக் காட்டு, ராக்கப்பா!"

"என்ன மூஞ்சிய?"

"எதாச்சியும்! அழுகு!"

கமிட்டித் தலைவர் ஊர் பார்க்க அழுதார். பிறகு கோபப்பட்டார். பிறகு வெட்கப்பட்டார். அங்கிருந்தே ஒவ்வொன்றையும் குப்பண்ணன் சரியாகச் சொன்னார். மனிதன் முகமே தெரிகிறது. திரையில் விழுகிற முகம் அதைவிடப் பெரியது. இன்னொரு கணக்கும் அவர் மனதில் ஓடியது. அவருடைய புரொஜெக்டர் விளக்கு ஒன்றுதான். இருபதடிக்குப் பரப்பினால் பால் தண்ணீராகிற மாதிரி வெளிச்சம் நீர்த்துப்போகும். இங்கே இறங்குகிற மஞ்சுமூட்டம் வேறு பாதியைத் தின்னும். சிறிய திரையில் அதே வெளிச்சம் கெட்டியாக நிற்கும்.

வீட்டில் பூவாத்தாள் மல் துணியை அகலம் அகலமாகச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தாள். ஒற்றைத் துணி, பூச்சு இல்லை. ஓர் ஆள் தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம். தைத்து முடித்ததும் தூக்கிப் பிடித்து அதன் வழியாகக் கணவரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது படம் காட்டறதுக்கா, கொசு அண்டாம இருக்கறதுக்கா?"

"ரெண்டுக்கும்" என்றார் குப்பண்ணன். அவர் வேடிக்கையாகப் பேசினால் உள்ளே பயந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் மேற்கொண்டு சிரிக்கவில்லை.

திருவிழா அன்று ஜீப் நிற்கிற இடத்தில் சுவக்கீன் நின்றிருந்தான். கீழ் மைதானத்தில் அவனுடைய பதினெட்டடித் திரை காலையிலேயே ஏறிவிட்டது. மூங்கிலில் சுருட்டிய துணியைத் தோளில் வைத்துக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கிய குப்பண்ணனைப் பார்த்துக் கும்பிட்டான்.

"வாங்க பண்ணையாரய்யா. திரை எங்க, பின்னாடி லாரில வருதா?"

"இதாந் திரை."

"இதுவா? நான் தலைக்குக் கட்டுத உருமான்னுல்லா நெனச்சேன்!" அவனோடு இருந்தவர்கள் சிரித்தார்கள். "சரி சரி, ஏறுங்க. படம் ஓடலைன்னா சனத்தக் கீழ அனுப்பி வையுங்க. நம்மகிட்ட எடம் இருக்கு."

குப்பண்ணன் ஏறத் தொடங்கினார். ஜெனரேட்டரைக் கம்பில் கட்டி ஆண்கள் எடுத்தார்கள். புரொஜெக்டரையும் படச்சுருள் பெட்டிகளையும் ஒலிப்பெட்டியையும் அழகுத்தாயும் அவளோடு வந்த பெண்களும் தலையில் வைத்துக்கொண்டார்கள். கொழுந்து மூட்டை சுமந்த கழுத்துகள், பெட்டி அசையவில்லை. திரை எந்த வளைவிலும் இடிக்கவில்லை. பொழுது சாய்வதற்கு முன்பே மைதானத்தின் நடுவில் ஏறிவிட்டது. காளிச்சாமி முதல் முறையாக மூச்சு விட்டான்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது.

பெட்டிகளை இறக்கிய பெண்கள் பொங்கல் வைக்கவும் குளித்து உடுத்தவும் லயங்களுக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது திரைக்கு முன்னால் இருந்த பாதி மைதானமும் ஆண்களால் நிறைந்திருந்தது. அந்த எஸ்டேட்டில் எந்தக் கூட்டம் நடந்தாலும் அப்படித்தான். ஆண்கள் முன்னால், பெண்கள் அவர்கள் முதுகுக்குப் பின்னால், சரிவில், நின்றபடி. கீழ் லயங்களிலிருந்தும் ஆட்கள் ஏறி வந்திருந்ததால் இன்றைக்குச் சரிவிலும் இடமில்லை.

அழகுத்தாய் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"ஏ ராக்கப்பன் மாமா! பெட்டியச் சுமந்தது யாரு?"

"நீங்கதான், இப்ப அதுக்கு என்ன?"

"சுமக்கதுக்கு நாங்க, பாக்கதுக்கு இவுகளா? எந்திரிக்கச் சொல்லும். இல்ல, பெட்டிய வந்த வழியே தூக்கிட்டுப் போயி ஜீப்புல வச்சிருவோம். நாங்க என்ன, பாக்காமப் பழகுனவுகதான."

ஆண்கள் பக்கமிருந்து கூச்சல் எழுந்தது. "நாங்க எங்க போக?" "உம் மாமியா வீட்டுக்குப் போ!" "முன்னாடி வந்தவன் முன்னாடி உக்காருவான்!" நாலு பெண்கள் நிஜமாகவே புரொஜெக்டர் மேசையை நெருங்கி நின்றார்கள். கூட்டத்தின் ஓரத்தில் சுவக்கீன் தென்பட்டான். கீழே ஆள் சேராததால் என்ன நடக்கிறதென்று பார்க்க ஏறி வந்திருந்தான். முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

"அண்ணா, நம்ம சோலி முடிஞ்சுதுங்க" என்றான் காளிச்சாமி. "பெருசாக் கட்டியிருந்தா இந்தக் கேடு வருமா? திரை சின்னதுன்னுதான் முன்னாலயே உக்காரோணும்னு அடிச்சுக்கறாங்க. அதும் பத்தாதுன்னு மஞ்சு எறங்கித் துணி நனையுது, பாருங்க."

குப்பண்ணன் பார்த்தார். வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்காக வெறும் விளக்கைத் திரையில் போட்டு வைத்திருந்தார்கள். திரையின் கீழ் மூலை மஞ்சில் நனைந்து துணி கருத்திருந்தது. திரைக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத மற்றப் பாதி மைதானத்தில், நேர்ந்துவிட்ட வெள்ளைக் கிடா ஒன்று கட்டிக் கிடந்தது. அதன் முதுகில் ஒரு துண்டு வெளிச்சம் விழுந்திருந்தது. நனைந்த மூலையின் அதே வடிவம்.

அவர் திரையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். உலர்ந்த இடத்தில் வெளிச்சம் சோகையாக இருந்தது. நனைந்த இடத்தில் பளிச்சென்று வந்தது. கனத்த துணியாக இருந்திருந்தால் சொட்டு வெளிச்சமும் வந்திருக்காது. இருபத்திரண்டடிக்கு இழுத்திருந்தால் முன்பக்கத்துக்கே போதாத விளக்கு பின்பக்கத்துக்கு எங்கிருந்து வரும்?

"காளி! படத்தப் போடு!" என்று திரைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "ராக்கப்பா, கொடத்துல தண்ணி கொண்டாரச் சொல்லு. திரையில அடிக்கோணும்."

"திரையிலயா?"

"மேலருந்து கீழ வரைக்கும். நல்லா நனையோணும்."

அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஒருத்தி ஓடிப்போய்க் கையில் கிடைத்த அண்டாவைத் தூக்கி வந்தாள். "ஏட்டி, அது மஞ்சத்தண்ணிடீ! கதாநாயகனுக்குக் காமாலை வந்துரும்!" என்று அழகுத்தாய் பறித்துக் கீழே வைத்தாள். சண்டைக்கு நடுவிலும் கூட்டம் சிரித்துவிட்டது. குழாய்த் தண்ணீர் வந்தது. குடம் குடமாகத் திரையில் அடித்தார்கள். காளிச்சாமி வேறு வழியில்லாமல் சுருளை ஓட்டினான்.

முன்பக்கம் படம் ஒரு சாயல் மங்கியது, ஆனால் முகம் முகமாகவே நின்றது. பின்பக்கம், வெறும் மஞ்சு நிறைந்த காலி மைதானத்தில், ஒரு ராஜகுமாரன் குதிரையில் பாய்ந்து வந்தான்.

"அந்தப் பக்கமும் தெரியுது!" என்று ராக்கப்பன் கத்தினார். ஆண்கள் அசையவில்லை. "துணியோட முதுகப் பாக்கவா மலையேறி வந்தோம்?" என்று ஒருவன் முனகினான். பெண்களுக்கு இடத்தை விட்டுப் பின்பக்கம் போவது அவர்களுக்குத் தோற்றுப்போவது மாதிரி.

அப்போது குப்பண்ணன் செய்ததை அந்த டிவிஷனில் பார்த்தவர்கள் மறக்கவில்லை. வெற்றிலை எடுத்த பெரியவர் என்று அவருக்காக முன்வரிசை நடுவில் துரை பங்களாவிலிருந்து வாங்கி வந்த கைநாற்காலி போட்டிருந்தார்கள். அவர் வந்தார், நாற்காலியைத் தம் கையாலேயே தூக்கினார், அத்தனை பேர் முன்னாலும் திரையைச் சுற்றி நடந்து பின்பக்கத்தில் நடுநாயகமாகப் போட்டு, மேல்துண்டை உதறித் தோளில் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ராக்கப்பா, வா. நமக்கு இந்தப் பக்கந்தான்."

பெரிய மனிதர் உட்கார்ந்த பக்கம் எப்படிப் பின்பக்கமாகும்? கமிட்டித் தலைவர் போனார். கமிட்டிக்காரர்கள் போனார்கள். அப்புறம் மூத்த கங்காணிகள். கொஞ்ச நேரத்தில், எங்கே இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று ஆண்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினார்கள். முன்பக்கம் பெண்களும் பிள்ளைகளும் கிழவிகளும் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். படமே பார்த்திராத கிழவி ஒருத்தி, குதிரை தன்மேல் பாய்கிறது என்று முகத்தை மூடிக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தாள்.

திரை உலர உலரத் தண்ணீர் அடித்தார்கள். தண்ணீர் பட்டுத் திரை நடுங்கும்போது ராஜகுமாரனும் அரண்மனையும் சேர்ந்து நடுங்கினார்கள். வாள்சண்டை வந்தபோது பின்பக்கமிருந்து ஒரு குரல்: "ஏலே, இவன் இடது கைக்காரன்லே!" முன்பக்கமிருந்து அழகுத்தாய் பதில் கொடுத்தாள்: "உங்களுக்குத்தான் இடது கை. எங்களுக்கு ஒழுங்காத்தான் சண்ட போடுதான்!" இரண்டு பக்கமும் சேர்ந்து எழுந்த சிரிப்பு தொழிற்சாலை வரைக்கும் கேட்டிருக்கும்.

படம் முடிந்ததும் ராக்கப்பன் அம்மன் சந்நிதியிலிருந்து பரிவட்டத்தை எடுத்து வந்து குப்பண்ணன் தலையில் கட்டினார். மைக்கைக் கையில் வாங்கினார். "கொழிஞ்சாம்பாறைப் பெரியவுக சொன்ன இடத்துக்கு வந்தாக, சொன்னபடி காட்டுனாக. இனிமே நம்ம அம்மனுக்கு இவுக வீட்டுப் படந்தான்" என்றார். மலையில் மோதி அந்தக் குரல் திரும்பி வந்தது. குப்பண்ணன் கைகூப்பி நின்றார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. காளிச்சாமிதான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

காலையில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஆண்கள் கூட்டமாக வந்தார்கள். ஒருவரையொருவர் முன்னால் தள்ளினார்கள். கடைசியில் ஒரு கங்காணி தலையைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி, ராத்திரி படத்துல வந்த ஓலையில என்ன எழுதியிருந்துதுன்னு எங்களுக்குப் படிக்க முடியல. எழுத்தெல்லாம் திரும்பிக் கெடந்துது. இன்னைக்கு ஒரு நாளு எங்கள அந்தப் பக்கம் உக்கார வச்சிக் காட்டுனா..."

"நாங்களும் இந்தப் பக்கம் எப்பிடித் தெரியுதுன்னு பாக்கணும்" என்றாள் அழகுத்தாய், கூப்பிடாமலே வந்து நின்று. "அந்த இடது கைச் சண்டையப் பாக்காம விட மாட்டோம்."

குப்பண்ணன் தம்பியைப் பார்த்தார். "பெட்டிக் கட்ட அவுத்துப் போடு."

"பெட்ரோல் தீந்து போச்சுங்ண்ணா. மூணாறு போயித்தான் வாங்கியாரோணும்."

மத்தியானத்துக்கு மேல் பாதையில் ஒருவன் தோளில் பெட்ரோல் டின்னோடு வியர்த்து விறுவிறுத்து ஏறி வந்தான். கிட்ட வந்தபோதுதான் சுவக்கீன் என்று தெரிந்தது; பெட்ரோல் தீர்ந்த சேதி கீழே வரைக்கும் போயிருந்தது. டின்னை ஜெனரேட்டர் பக்கத்தில் இறக்கி வைத்தான். திரையைத் தொட்டுப் பார்த்தான். விரலுக்கும் விரலுக்கும் நடுவில் வைத்துத் துணியைத் தேய்த்தான்.

"அய்யா, அகலம் எவ்வளவு?"

"பன்னெண்டடி."

அவன் தலையாட்டினான். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மைதானத்தின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னைக்கு நான் எந்தப் பக்கம் உக்காரட்டும்?"